ஒன்றே முக்கால் ஆள்

(வீரசோழன் சந்தைத் திடலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மன்னன் ஒருவனின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த ஊரிலே, மன்னர்களைப் பற்றிப் பேச நான் வரவில்லை. வாரந்தோறும் இதே திடலிலே கூடுகின்ற சந்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆட்டைக் கயிற்றிலே பிடித்துக்கொண்டு விடியுமுன்னே வந்து நிற்பவர், துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசும் தரகர், மிளகாயைக் குவித்து வைத்துக்கொண்டு வெயிலிலே காயும் மூதாட்டி, அரிவாளும் மண்வெட்டியும் அடித்துக் கொண்டுவந்து பரப்பும் கொல்லர், தையல் இயந்திரம் ஒன்றை மரத்தடியிலே போட்டுக் கிழிசல் தைப்பவர், இத்தனை பேருக்கும் தேநீர் ஆற்றிக் கொடுப்பவர், இவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்தவர் யார்? டில்லி கொடுத்ததா? கோட்டை கொடுத்ததா? கோடிக்கணக்கிலே முதல் போட்ட ஆலை அதிபர் கொடுத்தாரா? யாரும் கொடுக்கவில்லை. வானம் பொய்த்தது, கண்மாய் வறண்டது, காடு விளையவில்லை; வயிறு மட்டும் வேளை தவறாமல் கேட்டது. ஆகவே தமக்குத் தாமே வேலை கொடுத்துக்கொண்டார்கள். வானம் பார்த்த பூமியிலே பிறந்தவன் வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது என்பதைத் திருச்சுழிச் சீமையும் அருப்புக்கோட்டைச் சீமையும் அறிந்ததுபோல் வேறு எந்தச் சீமையும் அறிந்ததில்லை.

இவர்களுக்குத் துரைத்தனத்தார் அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில் முனைவோர்! நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். முழங்கட்டும். முதுகெலும்பு என்று சொன்னவர்கள் அந்த முதுகின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டுமல்லவா? அந்தக் கணக்கைத்தான் நான் விரிக்கப் போகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

2015-16ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 73ஆவது சுற்றாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. உழவை நீக்கி, தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவற்றை நீக்கி, எஞ்சியிருக்கும் தொழில்களையும் கடைகளையும் எண்ணியது. இந்தியத் துணைக்கண்டத்திலே இத்தகைய நிறுவனங்கள் 6 கோடியே 33 இலட்சத்து 88 ஆயிரம். அவற்றிலே வேலை பார்ப்போர் 11 கோடியே 9 இலட்சத்து 89 ஆயிரம் பேர். நமது தமிழகத்திலே மட்டும் 49 இலட்சத்து 48 ஆயிரம் நிறுவனங்கள். உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு.

பதினோரு கோடிப் பேருக்கு வேலை! கேட்கும்போதே நெஞ்சு நிமிர்கிறதல்லவா? ஆனால் தோழர்களே, அந்தப் பதினோரு கோடியை அந்த ஆறு கோடியே சொச்சத்தால் வகுத்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளை கூடச் செய்யக்கூடிய கணக்கு. விடை என்ன? ஒன்றே முக்கால். ஒரு நிறுவனத்துக்கு ஒன்றே முக்கால் ஆள்!

வள்ளுவப் பெருந்தகை ஒன்றே முக்கால் அடியிலே உலகத்தை அளந்து காட்டினார். நமது ஆட்சியாளர்கள் ஒன்றே முக்கால் ஆளைக் காட்டித் தொழில் வளர்ச்சி என்கிறார்கள். அந்த ஒன்று யார்? கடைக்காரர். அந்த முக்கால் யார்? அடுப்படி வேலை முடித்துவிட்டு வந்து கல்லாவிலே உட்காரும் மனைவி. பள்ளி விட்டு வந்து சரக்கு எடுத்துக் கொடுக்கும் பிள்ளை. முழு ஆளாக இருக்க முடியாத கிழத் தந்தை. கூலி இல்லாத உழைப்பு இந்த முக்காலுக்குள்ளே எவ்வளவு ஒளிந்து கிடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீட்டிலேயே அது நடக்கிறது.

மேலும் ஒரு கணக்கு. 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆய்வு, நாட்டிலே வேலை பார்ப்போரில் 58.4 விழுக்காட்டினர் சொந்தத் தொழில் செய்வோர் என்கிறது. மாதச் சம்பளம் வாங்குவோர் 21.7 விழுக்காடு. சொந்தத் தொழில் என்றதும் சுதந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். வேறு வேலை கிடைத்திருந்தால் இதை விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்று சொல்பவரும் அந்தக் கணக்கிலே இருக்கிறார். விருப்பத்தால் கடை வைத்தவரையும், வேறு வழியின்றிக் கடை வைத்தவரையும் ஒரே கோட்டிலே நிறுத்தி, வேலைவாய்ப்புப் பெருகிவிட்டது என்று சொல்வது நெல்லையும் பதரையும் சேர்த்து அளந்து விளைச்சல் சொல்வதாகும்.

தீப்பெட்டி கற்பிக்கும் பாடம்

அப்படியானால் சிறுதொழிலால் பயனில்லை என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. சிறுதொழில் ஒரு சீமையையே தூக்கி நிறுத்த முடியும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. நமது மாவட்டத்திலேயே இருக்கிறது சிவகாசி.

1922ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்றார்கள். தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு, மறு ஆண்டு திரும்பினார்கள். ஆறு இல்லை, நிலவளம் இல்லை, மழையும் இல்லை. மழை இல்லாததே குச்சி காய்வதற்கு வசதி என்று வறட்சியையே முதலாக்கினார்கள். அப்போது எதிரே நின்றது யார்? சுவீடன் நாட்டு முதலோடு வந்த விம்கோ கம்பெனி. இயந்திரத்திலே குச்சி செய்து நாடெங்கும் பரப்பிய பெருங்கம்பெனி.

அந்த யானைக்கு முன்னே இந்த எறும்பு எப்படிப் பிழைத்தது? துணிவால் மட்டுமா? இல்லை. விடுதலைக்குப் பின், தீப்பெட்டி மீது விதித்த உற்பத்தி வரியிலே ஏணிப்படி வைத்தார்கள். இயந்திரத்தால் பெருவாரியாகச் செய்பவருக்கு வரி கூடுதல். கையால் சிறிதளவு செய்பவருக்கு வரி குறைவு. அந்த வேறுபாடுதான் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் உயிர் கொடுத்தது. தீப்பெட்டி ஆபீசுகள் முளைத்தன. பெட்டி ஒட்டும் வேலை கிராமத்துத் திண்ணைக்கே வந்தது. ஏர் பூட்ட முடியாத கோடையிலும் அடுப்பு எரிந்தது.

ஆக, சிறுதொழில் தானாக வளர்ந்தது என்பது பொய். பெருமுதலோடு அதைச் சமமாக நிறுத்தாமல், படி போட்டு ஏற்றிவிட்டதால் வளர்ந்தது. கைத்தறிக்கும் இதே கதைதான். 1953ஆம் ஆண்டிலே, நெசவாளர் கஞ்சித்தொட்டியை நாடும் நிலைக்குத் தள்ளப்பட்டபோது, அறிஞர் அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அதே காலத்தில் முதலமைச்சராயிருந்த இராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியவையாக வேண்டும் என்று டில்லியைக் கேட்டார். கட்சியால் எதிரெதிரே நின்றவர்கள் கைத்தறியிலே ஒரே பக்கம் நின்றார்கள். 1955இல் கார்வே குழுவும் கிராமத் தொழில், சிறுதொழில் ஆகியவற்றின் பாதுகாப்பையே வேலைவாய்ப்புக்கு வழியாகக் காட்டியது. 1967இல் 47 பொருள்கள் சிறுதொழிலுக்கே என்று ஒதுக்கப்பட்டன. பின்னர் அது எண்ணூற்றைத் தாண்டியது.

பிறகு என்ன நடந்தது? படிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ஒதுக்கீட்டுப் பட்டியலிலே கடைசியாக எஞ்சியிருந்த 20 பொருள்களும் 2015 ஏப்ரலிலே நீக்கப்பட்டன. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, பணம் செல்லாது என்றார்கள். ரொக்கத்திலே நடக்கும் சந்தைதானே முதலில் சாயும்? 2017 ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரி. அப்போதும் கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, மற்றதற்கு 18 விழுக்காடு என்று ஒரு படி எஞ்சியிருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 என்று ஆக்கினார்கள். விகிதம் கூடலாம், குறையலாம். நான் விகிதத்தைக் கேட்கவில்லை, வேறுபாட்டைக் கேட்கிறேன். ஆனையையும் பூனையையும் ஒரே தராசிலே நிறுத்தி, சமநீதி வழங்கிவிட்டோம் என்பதா? ஆயிரம் கை செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்யட்டும்; தடுக்கச் சொல்லவில்லை. அந்த ஆயிரம் கைகள் அதன்பின் என்ன செய்யும் என்பதற்கு விடை சொல்லிவிட்டுச் செய்யட்டும் என்கிறேன்.

மூட்டத்தின் அருகே

வீரசோழனுக்கு வரும் வழியிலே ஒரு கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. நரிக்குடி, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களிலே பிறந்தவர்களுக்கு அந்தப் புகையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீமைக்கருவேலை வெட்டி, தூரைத் தோண்டி, விறகை அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைக்கிறார்கள். பிறகு இரவு பகல் காவல். மண்ணிலே ஒரு வெடிப்பு விழுந்து காற்றுப் புகுந்தால் போதும். கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். பல நாள் உழைப்பு ஓர் இரவிலே போய்விடும்.

மூட்டத்தின் அருகே நின்ற பெரியவரைக் கேட்டேன். "ஐயா, இந்தத் தொழிலுக்குக் கடன் உண்டா?"

"உண்டு. கரி வாங்குகிற வியாபாரி கொடுப்பார். கரியை அவருக்கே போட வேண்டும். விலையும் அவரே சொல்வார்."

"பேங்கிலே கேட்கவில்லையா?"

"என்ன ஈடு என்று கேட்பார்கள். புகையையா காட்டுவது?"

தோழர்களே, அந்தப் பெரியவரும் குறுந்தொழில் முனைவோர்தாம்! சட்டத்தின் பார்வையிலே அவரோடு ஒரே பந்தியிலே உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? 2020 ஜூலை முதல், 1 கோடி ரூபாய் முதலீடும் 5 கோடி ரூபாய் விற்றுவரவும் வரை குறுந்தொழில் என்றார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அதையும் உயர்த்தி, இரண்டரைக் கோடி முதலீடும் 10 கோடி விற்றுவரவும் வரை குறுந்தொழில் என்றார்கள். 125 கோடி முதலீடும் 500 கோடி விற்றுவரவும் வரை நடுத்தரத் தொழில். விலைவாசி உயர்ந்தது, வரம்பும் உயர வேண்டும் என்பதிலே ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? பேங்குகள் தாம் வழங்கும் கடனிலே 7.5 விழுக்காட்டைக் குறுந்தொழிலுக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. நூறு கரிமூட்டக்காரர்களைத் தேடிப் போவதைவிட, இரண்டு கோடி முதல் போட்ட ஒருவரிடம் கொடுத்துக் கணக்கை முடிப்பது மேலாளருக்கு எளிது. பந்தியிலே முன்வரிசை நிரம்பிவிட்டது. பின்வரிசைக்கு இலையே விழவில்லை.

நாங்கள் சொல்வது இதுதான்: அந்த 7.5 விழுக்காட்டுக்குள்ளேயே ஒரு பகுதி, ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் தொழில்களுக்கு என்று தனியே ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கீடு என்றால் என்ன என்பதைத் தமிழகம் டில்லிக்குக் கற்பித்திருக்கிறது, இதையும் கற்பிக்கும்.

இன்னொன்று. நீர்நிலைகளிலிருந்து சீமைக்கருவேலை அகற்ற வேண்டும் என்று 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. கண்மாயைக் காக்க அது வேண்டும். அந்த மரத்தை வெட்டியே வாழும் குடும்பத்துக்கு அடுத்த தொழில் என்ன என்பதையும் அதே மூச்சிலே சொல்ல வேண்டாமா? மரத்தை வேரோடு பிடுங்குகிறவர்கள், மனிதனை வேரோடு பிடுங்கிவிடக் கூடாது.

நாற்பத்தைந்து நாள்

அருப்புக்கோட்டைத் தறிக்காரரைக் கேளுங்கள். நூல் வாங்கும்போது ரொக்கம். சேலை விற்கும்போது கடன். நூல் விலை ஏறியபோது யாரும் அவரைக் கேட்டு ஏற்றவில்லை. 2022 மே மாதத்திலே திருப்பூரும் ஈரோடும் கதவடைத்துக் கதறின. சேலைப் பணம் வர மூன்று மாதமானாலும் அவர் யாரையும் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த சரக்கு வேறொருவருக்குப் போய்விடும். ஆக, சிறியவன் பெரியவனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறான்! நாட்டிலே நடக்கும் தலைகீழ் லேவாதேவி இது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகம் போனால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2024 ஏப்ரல் முதல், குறித்த காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வருமான வரி குறைக்க முடியாது என்றும் ஆக்கினார்கள். நல்லது என்பேன். ஆனால் பதிவு பெற்றவருக்கே அந்தப் பாதுகாப்பு. தறிக்காரரே மனுக் கொடுக்க வேண்டும்; தம் பிழைப்பைக் கையிலே வைத்திருப்பவர் மேலேயே கொடுக்க வேண்டும். ஜப்பான் நாடு, துணை ஒப்பந்தக்காரருக்குப் பணம் தாமதிப்பதைத் தடுக்க 1956லேயே சட்டம் செய்தது. அங்கே பாதிக்கப்பட்டவர் புகார் சொல்லும்வரை காத்திராமல், அதிகாரிகளே பெரிய கம்பெனிகளின் கணக்கைக் கேட்டு வாங்குகிறார்கள். நாமும் அப்படிச் செய்தால் என்ன? பூனைக்கு மணி கட்டும் வேலையை எலியிடம் விட்டுவிட்டு, சட்டம் போட்டாயிற்று என்று கைகழுவலாமா?

நம் பக்கத்துக் குறை

இதுவரை நான் பேசியதற்குக் கைதட்டினீர்கள். இனிப் பேசப்போவதற்குக் கைதட்டமாட்டீர்கள். ஆயினும் பேசாமல் போனால் நான் கழகத்தான் அல்லன்.

தீப்பெட்டியின் ஒளியைச் சொன்னேன். நிழலையும் சொல்ல வேண்டும். சிறியவருக்கு வரி குறைவு என்றதும், பெரியவர் சிலர் ஒரே தொழிலைப் பத்துப் பெயரிலே பத்துக் கொட்டகையாகப் பிரித்தார்கள். விடியற்காலையில் வண்டி வந்து கிராமத்துப் பிள்ளைகளை உறக்கத்தோடு அள்ளிக்கொண்டு போனது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரிலே உச்சநீதிமன்றம் சிவகாசி வழக்கிலே தீர்ப்புக் கூறியது. அந்தப் பிஞ்சு விரல்களும் வேலைவாய்ப்புக் கணக்கிலே சேர்ந்தவைதாமே?

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலே பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். அதன்பிறகும் நமது மாவட்டத்திலே வெடிச்சத்தம் ஓயவில்லை. ஒவ்வொரு முறையும் இழப்பீடு, இரங்கல், விசாரணை. உரிமம் ஒருவர் பெயரிலே, வேலை வாங்குபவர் வேறொருவர் என்னும் உள்குத்தகையைப் பற்றி ஊரே பேசுகிறது. சிறுதொழில்தானே, கடுமையாக நடந்துகொண்டால் பிழைப்புப் போய்விடும் என்று இரக்கம் காட்டுகிறார்கள். யாருக்கு இரக்கம்? உள்ளே மருந்து செலுத்திக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அதில் பங்கு உண்டா?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை உள்ள இடத்திலே பத்துப் பேர், இல்லாத இடத்திலே இருபது பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை இருபது, நாற்பது என்று உயர்த்தியது. சிறுதொழிலுக்குச் சலுகை என்கிறார்கள். வரியிலே சலுகை கொடுக்க மனமில்லை. கடனிலே சலுகை கொடுக்க மனமில்லை. தொழிலாளியின் பாதுகாப்பிலே கை வைத்துச் சலுகை கொடுக்கிறார்கள்! அது முதலாளிக்குக் கொடுத்த சலுகை அன்று. பக்கத்திலே நிற்கும் தொழிலாளியின் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

இங்கே கூடியிருக்கும் சிறு முதலாளிகளைப் பார்த்துச் சொல்கிறேன். பெருமுதல் உங்களை நசுக்குகிறது என்று நீங்கள் முறையிடும்போது கழகம் உங்களோடு நிற்கும். அந்த நசுக்கலை உங்களிடம் வேலை பார்க்கும் ஒன்றிரண்டு பேர்மேல் நீங்கள் இறக்கி வைத்தால், கழகம் அந்த ஒன்றிரண்டு பேரோடு நிற்கும். இரண்டும் ஒரே கொள்கைதான்.

வழி என்ன?

தொழிலாளியின் பாதுகாப்பை நிறுவனத்தின் தலை எண்ணிக்கையிலே கட்டி வைப்பதை ஒழிக்க வேண்டும். இருபது பேர் இருந்தால் வருங்கால வைப்புநிதி, பத்துப் பேர் இருந்தால் மருத்துவக் காப்பீடு என்றால், ஒன்றே முக்கால் ஆளுக்கு என்ன? தமிழகம் இதற்கு ஒரு வழி கண்டது. 1982ஆம் ஆண்டிலே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1999இல் கலைஞர் ஆட்சியிலே அதன்கீழ் நலவாரியம் அமைந்தது. எங்கே வேலை பார்க்கிறாய், அங்கே எத்தனை பேர் என்று கேட்காமல், நீ உழைக்கிறாயா என்று மட்டும் கேட்கும் ஏற்பாடு அது. அதை விரிக்க வேண்டும். மூட்டக்காரரும் தரகரும் மரத்தடித் தையற்காரரும் அதற்குள்ளே வர வேண்டும். அதற்கான நிதியைச் சரக்கை வாங்கி இலாபம் காணும் பெருநிறுவனம் தர வேண்டும்.

நமது மாவட்டத்திலே இ.குமாரலிங்கபுரத்திலே 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது, 2023இல் அறிவிக்கப்பட்டது. வரட்டும், வரவேற்போம். அந்தப் பூங்காவிலே அருப்புக்கோட்டை விசைத்தறிக்காரருக்குச் சாயச்சாலையிலும் கிடங்கிலும் பங்கு உண்டா, அல்லது அவர் தறியை இரும்புக்குப் போட்டுவிட்டு அதே பூங்காவிலே கூலியாள் ஆக வேண்டுமா என்று கேட்போம். அடிக்கல் நாட்டும் நாளிலே கேட்க வேண்டிய கேள்வி இது. திறப்பு விழா நாளிலே கேட்டால் விடை கிடைக்காது.

தாய்மார்களே! தோழர்களே! ஒன்றே முக்கால் ஆள் என்பது இழிவன்று. அந்த ஒன்றே முக்கால் ஆள்தான் பஞ்சத்திலும் இந்தச் சீமையைக் காலி செய்யாமல் காத்தார். நாங்கள் கேட்பது இவ்வளவே: அந்த ஒன்று, வேறு வழியின்றி நிற்கும் ஒன்றாக இல்லாமல், விரும்பி நிற்கும் ஒன்றாக வேண்டும். அந்த முக்கால், கூலியும் காப்பும் பெற்ற முழு ஆளாக வேண்டும். கால் பங்கு மனிதனைக் கணக்கிலே தொலைத்துவிட்டு நாடு வளர்ந்தது என்று சொல்லும் காலம் போகட்டும்.

அடுத்த சந்தை நாளிலே இதே திடலிலே கழகத் தோழர்கள் மேசை போட்டு உட்காருவார்கள். பதிவு இல்லாதவர்கள் வாருங்கள். நலவாரிய மனு எழுதித் தருவார்கள். 45 நாள் கடந்தும் பணம் வராதவர்கள் வாருங்கள்; ஒருவராகக் கேட்க அஞ்சுவதை ஊராகக் கேட்போம். பேச்சு இன்றோடு முடிகிறது. வேலை அன்று தொடங்குகிறது.